மூன்றாம் ஆண்டோடு நிறுத்திவிட்ட கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு வந்திருந்தது. அன்பு, செல்வி என்று இரண்டு பேர். இருவரும் ஒரே நாளில் வெவ்வேறு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்கிறார்கள். இருவருக்கும் தொடக்கச் சம்பளம் மாதம் 15,000 ரூபாய். அன்புவுக்கு ஆண்டுதோறும் 1,500 ரூபாய் உயர்வு. செல்விக்கு, அந்தந்த ஆண்டு வாங்கும் சம்பளத்தில் 8 சதவீதம் உயர்வு. 3 ஆண்டுகள் முடிந்தபின் யாருக்குச் சம்பளம் அதிகம்? யார் சேர்ந்த வேலை சிறந்தது? இதுதான் கேள்வி. மறுநாள் விடையும் வந்தது. அன்புவுக்கு 19,500 ரூபாய், செல்விக்கு 18,895 ரூபாய் 68 காசு, "எனவே அன்புவின் வேலையே சிறந்தது" என்று முடித்திருந்தார்கள்.

விடையின் முதல் பாதி சரி. காசு வரைக்கும் சரி. இரண்டாம் பாதி தவறு. அதுவும் சாதாரணத் தவறு இல்லை. எந்த விஷயத்தைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இந்தப் பாடத்தை வைத்திருக்கிறார்களோ, அதற்கு நேர் எதிரானதை அவர்கள் மனதில் பதிய வைக்கிற தவறு. நான் அஞ்சல் துறையில் கவுன்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து, துணை அஞ்சலக அதிகாரியாக ஓய்வு பெற்றவள். கணக்கு ஆசிரியை இல்லை. ஆனால் சேமிப்பும் வட்டியுமாகவே என் வேலைக்காலம் போனது. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

என் பேத்தி இந்த ஆண்டு பத்தாவது. விடையைப் பார்த்துவிட்டு நோட்டை மூடப் போனவளிடம், "3 வருஷத்தோட அவங்க வேலையை விட்டுடுவாங்களா?" என்று கேட்டேன். "கேள்வியில அவ்வளவுதான் அப்பாயி இருக்கு" என்றாள். சரி, இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம் என்று இருவரும் உட்கார்ந்தோம். மொத்தச் சம்பளத்தை எழுதும் முன், உயர்வை மட்டும் தனியாக எழுதச் சொன்னேன். அன்புவுக்கு என்றைக்கும் 1,500தான். செல்விக்கு முதல் ஆண்டு முடிவில் 1,200 ரூபாய். அடுத்தது 1,296. அதற்கடுத்து 1,399 ரூபாய் 68 காசு. நான்காவது உயர்வு 1,511 ரூபாய் 65 காசு. இந்த இடத்தில் பேத்தியே நிறுத்தினாள். நான்காவது உயர்விலேயே செல்வி அன்புவின் 1,500ஐத் தாண்டிவிட்டாளே என்றாள்.

ஆமாம், அதுதான் விஷயம். சம்பளத்தில் செல்வி இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள். ஆனால் இடைவெளி குறையத் தொடங்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் அன்பு எவ்வளவு முன்னால் இருக்கிறான் என்று எழுதிப் பார்த்தோம். முதல் ஆண்டு முடிவில் 300 ரூபாய். இரண்டாம் ஆண்டு முடிவில் 504. மூன்றாம் ஆண்டு முடிவில் 604 ரூபாய் 32 காசு. நான்காம் ஆண்டு முடிவில் 592 ரூபாய் 67 காசு. ஆக, அன்புவுக்கும் செல்விக்கும் இடைவெளி மிக அதிகமாக இருப்பது மூன்றாம் ஆண்டில்தான். உங்கள் கணக்கு சரியாக அந்த ஆண்டில் போய் நிற்கிறது. தவறான முடிவு எந்த ஆண்டில் மிகவும் உண்மைபோலத் தெரியுமோ, அந்த ஆண்டில் பிள்ளைகளை நிறுத்தி, "எது சிறந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நடப்பது இது. ஐந்தாம் ஆண்டு முடிவில் அன்பு 22,500, செல்வி 22,039. ஆறாம் ஆண்டு முடிவில் அன்பு 24,000, செல்வி 23,803. ஏழாம் ஆண்டு முடிவில் அன்பு 25,500, செல்வி 25,707. ஏழாவது உயர்வில் செல்வி முந்திவிடுகிறாள். பத்தாம் ஆண்டு முடிவில் அன்பு 30,000, செல்வி 32,383. இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை என்றுகூட ஒருவர் சொல்லலாம். 20 ஆண்டு முடிவில் அன்பு 45,000, செல்வி 69,914. 30 ஆண்டு முடிவில் அன்பு 60,000, செல்வி 1,50,939. இருவரும் ஒரே நாளில், ஒரே சம்பளத்தில் சேர்ந்தவர்கள். மூன்றாம் ஆண்டில் முன்னால் இருந்தவனுக்கு முப்பதாம் ஆண்டில் மற்றவளின் சம்பளத்தில் பாதிகூட இல்லை.

பேத்தி விடவில்லை. "மாசச் சம்பளத்துல ஏழாவது வருஷம் முந்துறா, சரி. ஆனா அதுவரைக்கும் அன்பு ஒவ்வொரு மாசமும் கூட வாங்கியிருக்கானே, அந்தக் காசு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்கு அந்தக் கேள்விதான் மிகவும் பிடித்திருந்தது. மாதச் சம்பளத்தில் முந்துவது வேறு, கைக்கு வந்த மொத்தப் பணத்தில் முந்துவது வேறு. ஆண்டுவாரியாக வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். ஏழாவது உயர்வுக்கு முன்பு வரை அன்பு கூடுதலாக வாங்கிய பணம் மொத்தம் 31,895 ரூபாய் வருகிறது. செல்வி முந்திய பிறகு அது கரையத் தொடங்குகிறது. ஏழாவது உயர்வு பெற்ற ஆண்டிலும், எட்டாவது, ஒன்பதாவது உயர்வு பெற்ற ஆண்டுகளிலும் கரைந்து கரைந்து, 2,419 ரூபாய் மட்டும் பாக்கி நிற்கிறது. பத்தாவது உயர்வுக்குப் பிறகு செல்விக்கு மாதம் 2,383 ரூபாய் கூடுதல். அந்த ஆண்டின் இரண்டாவது மாதச் சம்பளத்தில் கணக்கு நேராகி, அங்கிருந்து செல்வியின் கை மேலே போகிறது. அதாவது வேலையில் சேர்ந்த பதினோராவது ஆண்டு, இரண்டாவது மாதம். ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கூட்டலும் பெருக்கலும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. இதைக் கேட்காமல் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

இதைப் படித்த என் தம்பி ஒரு மறுப்பு சொன்னான். "இந்தக் காலத்துல யாரு அக்கா 30 வருஷம் ஒரே கம்பெனியில இருக்காங்க? அஞ்சு வருஷத்துல மாறிடுவாங்க. அப்போ அன்பு வேலைதானே லாபம்?" என்றான். நியாயமான பேச்சு. ஐந்து ஆண்டில் கிளம்புகிறவருக்கு அன்புவின் வேலைதான் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. பத்து ஆண்டில் கிளம்புகிறவருக்குக்கூட அன்புவின் வேலையில்தான் கொஞ்சம் கூடுதலாகப் பணம் வந்திருக்கும். அதற்கு மேல் இருக்கிறவருக்குச் செல்வியின் வேலை. ஆகவே "எந்த வேலை சிறந்தது?" என்ற கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. எத்தனை ஆண்டு என்று சொன்னால்தான் பதில். "பத்தாண்டு வரைக்கும் இது, அதற்கு மேல் அது" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். உங்கள் விடைப்படி அந்தப் பிள்ளைக்குச் சுழியம்தான் கிடைக்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. மத்திய அரசு ஊழியர்களின் சம்பளமே இந்த இரண்டு வழியிலும் நடந்திருக்கிறது. நான் 1987இல் அஞ்சல் உதவியாளராகச் சேர்ந்தபோது எங்கள் சம்பள விகிதம் 975-25-1150-30-1660. அதாவது 975இல் தொடங்கி, ஆண்டுக்கு 25 ரூபாய் வீதம் 1,150 வரை, அதன்பின் 30 ரூபாய் வீதம் 1,660 வரை. ஐந்தாவது ஊதியக் குழு 1996 முதல் அதை 4000-100-6000 என்று மாற்றியது. ஆண்டுக்கு 100 ரூபாய். 4,000 வாங்கும்போது அந்த 100 ரூபாய் இரண்டரை சதவீதம். 5,900 வாங்கும்போதும் அதே 100தான். அப்போது அது 1.7 சதவீதம்கூட இல்லை. பணியில் மூத்தவர்கள் ஆக ஆக உயர்வின் எடை குறைந்துகொண்டே போகும். அகவிலைப்படி இருந்ததால் தாக்குப்பிடித்தோம். 2006 முதல் ஆறாவது ஊதியக் குழு ஆண்டு உயர்வை 3 சதவீதம் என்று ஆக்கியது. அன்று முதல் எங்கள் சம்பளம் அன்புவின் வழியை விட்டுச் செல்வியின் வழிக்கு மாறிவிட்டது.

ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையை எந்த அஞ்சலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். அஞ்சல் உதவியாளருக்கு அதில் நான்காவது நிலை. முதல் கட்டத்தில் 25,500, அடுத்த கட்டத்தில் 26,300. உயர்வு 800 ரூபாய். அப்படியே கீழே இறங்கி நாற்பதாவது கட்டத்துக்குப் போனால் 81,100. அதற்கு முந்தைய கட்டம் 78,700. அங்கே உயர்வு 2,400 ரூபாய். எல்லாமே அதே 3 சதவீதம்தான், நூறுக்கு முழுமையாக்கியது. முதல் உயர்வான 800 ரூபாயையே 39 தடவையும் கொடுத்திருந்தால் கடைசிக் கட்டத்தில் 56,700தான் இருந்திருக்கும். (இடையில் வேறு நிலைகளுக்கு ஏறிவிடுவதால் ஒரே வரிசையில் நாற்பது கட்டமும் யாரும் இறங்குவதில்லை, அது வேறு விஷயம்.) அன்பு, செல்வி என்று கற்பனை செய்வதைவிட இந்த ஒரு வரிசையை அச்சிட்டு, "இது எந்த வகை வளர்ச்சி, எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று பிள்ளைகளைக் கேட்கலாம்.

கவுன்ட்டரில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். 1988 ஏப்ரலில் கிசான் விகாஸ் பத்திரம் வந்தது. ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டிப்பு. பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் வெட்டிய பணம் கையில் இருக்கிறவர்கள் விரும்பி வாங்கினார்கள். முதிர்ந்த பத்திரத்தைக் கொண்டுவந்த பெரியவர் ஒருவர், "ஆயிரம் போட்டேன், ரெண்டாயிரம் ஆச்சு. இதை அப்படியே இன்னொரு அஞ்சரை வருஷம் போட்டா மூவாயிரமாம்மா?" என்று கேட்டார். படிக்காதவர் என்று நினைக்க வேண்டாம், தன் தோப்பின் வரவுசெலவை மனக்கணக்கில் சொல்லக்கூடியவர். முதல் தடவை ஆயிரம் கூடியது, அடுத்த தடவையும் ஆயிரம் கூடும் என்பது அவர் கணக்கு. இதுதான் எல்லோருக்கும் இயல்பாக வருகிற கணக்கு. "இப்ப நீங்க போடப்போறது ஆயிரம் இல்லைங்கய்யா, ரெண்டாயிரம். அதுதான் இரட்டிக்கும்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வட்டி அதே அளவில் நின்றால் 11 ஆண்டில் 4,000. பதினாறரை ஆண்டில் 8,000. அவருடைய கணக்கில் அது 4,000. வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பத்திரத்தை 2011இல் நிறுத்தினார்கள். 2014 நவம்பரில் 100 மாத இரட்டிப்பாகத் திரும்ப வந்தது. 2023 ஏப்ரல் முதல் வட்டி 7.5 சதவீதம், 115 மாதம். வட்டிக்கு வட்டி இல்லாமல் அதே 7.5 சதவீதத்தில் பணம் இரட்டிக்க எவ்வளவு நாள் ஆகும்? 100ஐ 7.5ஆல் வகுத்தால் பதிமூன்று ஆண்டு நான்கு மாதம். அதாவது 160 மாதம். ஒரே சதவீதம், 45 மாத வித்தியாசம். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிக்கும் காலம் ஏறக்குறைய வந்துவிடும் என்பது பழைய வழக்கு. 1494இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணக்கு நூலிலேயே அது இருக்கிறது. 72ஐ 7.5ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு. 115 மாதம் என்பதும் 9.6 ஆண்டுதான். போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

இதே பெருக்கல் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். அதைத்தான் பிள்ளைகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் வெளியில் வாங்கும் கடனை "மூணு வட்டி", "அஞ்சு வட்டி" என்பார்கள். மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். ஒருவர் புரோநோட் எழுதிக் கொடுத்து 10,000 வாங்குகிறார், வட்டி கட்ட முடியவில்லை என்று வையுங்கள். மாதம் 300 ரூபாய் வீதம் 36 மாதத்துக்கு வட்டி 10,800 ஏறுகிறது. புரோநோட்டுக்கு 3 ஆண்டில் காலாவதி. அதற்குள், "நோட்டை மாத்தி எழுதிடலாம், பழையதைக் கிழிச்சிடலாம்" என்று கடன் கொடுத்தவர் வருகிறார். புதிய நோட்டில் 20,800 என்று எழுதுகிறார்கள். வாங்கியவருக்கு, காகிதம் மட்டும் மாறியதுபோல் இருக்கும். ஆனால் இனி வட்டி 10,000க்கு இல்லை, 20,800க்கு. மாதம் 624 ரூபாய். அடுத்த மூன்று ஆண்டில் அது 43,264 ஆகிறது. மறுபடி நோட்டை மாற்றி எழுதுகிறார்கள். ஒன்பதாம் ஆண்டு முடிவில் 89,989. முதல் நாள் பேசிய பேச்சுப்படி, அந்த 10,000க்கே மாதம் 300 வீதம் ஒன்பது ஆண்டுக்குப் போட்டிருந்தால் அசலும் வட்டியும் சேர்ந்து 42,400தான்.

நோட்டை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி எழுதினால் அதே ஒன்பது ஆண்டில் 1,59,166 ரூபாய். மாதம்தோறும் வட்டியை அசலில் சேர்த்தால் சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம். எல்லாமே "மூணு வட்டி"தான். வாயால் சொல்லும்போது ஒரே வட்டி, காகிதத்தில் வெவ்வேறு கடன். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். சட்டம் இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் "எந்தத் தொகைக்கு வட்டி?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால் பல குடும்பங்கள் பிழைத்திருக்கும். நோட்டை இரண்டு முறை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டை இழந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்போது எட்டாவதும் பத்தாவதும் படித்துக்கொண்டிருந்தார்கள். தனிவட்டி, கூட்டுவட்டி இரண்டுக்கும் சூத்திரம் அவர்களுக்கு மனப்பாடம்.

ஏன் மனப்பாடச் சூத்திரம் உதவவில்லை? நம் கணக்குகள் எல்லாம் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டோடு நின்றுவிடுகின்றன. 10,000 ரூபாய்க்கு 5 சதவீதத்தில் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் 2 ஆண்டில் 25 ரூபாய். 3 ஆண்டில் 76 ரூபாய் 25 காசு. இதையே திரும்பத் திரும்பப் போடும் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏதோ சில்லறை வித்தியாசம் என்றுதானே! அதே தொகையை 30 ஆண்டு வரைக்கும் கொண்டுபோயிருந்தால் தனிவட்டியில் 25,000, கூட்டுவட்டியில் 43,219. பெருக்குவது கஷ்டம் என்று சின்ன எண்ணாக வைத்தார்கள் போலும். காகிதத்தில் கஷ்டம்தான். அதற்குக் கால்குலேட்டர் இருக்கிறது. எங்கள் கவுன்ட்டரில் இருந்த சாதாரணக் கால்குலேட்டரில் 1.05 அடித்து, பெருக்கல் குறியை இரண்டு தடவை தட்டி, 10,000 போட்டுச் சமக்குறியைத் தட்டத் தட்ட ஒவ்வோர் ஆண்டுத் தொகையாக வந்துகொண்டே இருக்கும். தேர்வில் கூடாது என்றால் வகுப்பிலாவது செய்யலாமே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சதவீதத்தில் வளர்வதெல்லாம் கடைசி வரை அப்படியே வளர்ந்துகொண்டு போகும் என்றும் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. "ஓர் ஊரின் மக்கள்தொகை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்கிறது" என்று எத்தனையோ கணக்கு போட்டிருப்போம். நிஜ எண்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். இந்தியாவின் மக்கள்தொகை கணக்கெடுப்புப்படி, கோடியில், 1951இல் 36.1. 1961இல் 43.9. அப்புறம் வரிசையாக 54.8, 68.3, 84.6, 102.9. 2011இல் 121.1. பக்கத்துப் பக்கத்து எண்களை ஒருமுறை கழித்துப் பார்க்க வேண்டும், ஒருமுறை வகுத்துப் பார்க்க வேண்டும். கழித்து வருவது மாறாமல் இருந்தால் அது அன்புவின் வழி. வகுத்து வருவது மாறாமல் இருந்தால் செல்வியின் வழி. வகுத்தால் 1961 முதல் 1991 வரை மூன்று பத்தாண்டும் 1.24, 1.25 என்றே வருகிறது. பெருக்கல் வளர்ச்சி. 1991க்குப் பிறகு அது குறைந்து 1.22, 1.18 என்று இறங்குகிறது. கழித்தால் கடைசி இரண்டு பத்தாண்டிலும் கூடியது ஏறக்குறைய ஒன்றுதான், 18.2 கோடி. நுணுக்கமாகப் பார்த்தால் கடைசிப் பத்தாண்டில் கூடியது அதற்கு முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவுகூட. ஒரு நாடே செல்வியின் வழியில் போய்க்கொண்டிருந்து, அன்புவின் வழிக்குத் திரும்பியிருப்பது அந்த ஏழு எண்ணில் தெரிகிறது. 1798இல் மால்தஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் ஜனத்தொகை பெருக்கலிலும் உணவு கூட்டலிலும் வளரும் என்று பயந்து எழுதினார். இந்த ஏழு எண்ணையும் பார்த்த பிள்ளை அவரோடு வாதாடலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதலாவது, அந்த விடைக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். "3 ஆண்டு முடிவில் அன்புவுக்கே சம்பளம் அதிகம். ஏழாவது உயர்வில் மாதச் சம்பளத்தில் செல்வி முந்துகிறாள். வாங்கிய மொத்தப் பணத்தில் பதினோராவது ஆண்டின் இரண்டாவது மாதத்தில் முந்துகிறாள். எத்தனை ஆண்டு வேலை பார்க்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே எது சிறந்தது என்று சொல்ல முடியும்" என்று போட்டால் போதும். அந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைகள் பலர் விடையையும் பார்த்திருப்பார்கள். திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டால் அவர்கள் கண்ணில் படும்.

அடுத்து, கணக்குகளைத் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள். கூட்டி வளர்வதையும் பெருக்கி வளர்வதையும் ஒப்பிடும் கணக்கு எழுதும்போது, ஒன்று மற்றதை எந்த ஆண்டில் தாண்டுகிறது என்பதையே கேள்வியாக வையுங்கள். சூத்திரத்தில் போட்டு ஒரு விடை எடுப்பதோடு விடாமல், அட்டவணை போடச் சொல்லுங்கள். ஆண்டு, தொகை, உயர்வு என்று மூன்று பத்தி இருந்தால் போதும். உயர்வுக்கான பத்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் பேத்திக்கு விஷயம் பிடிபட்டது அந்தப் பத்தியில்தான்.

புரோநோட் கணக்கையும் ஒருநாள் மாணவர் பக்கத்தில் போட முடிந்தால் நல்லது. 10,000 ரூபாய், மூணு வட்டி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நோட்டு மாற்றம், ஒன்பது ஆண்டு. இதைப் போட்டுப் பார்த்துவிட்டு அதே வட்டியில் நோட்டை மாற்றாமல் இருந்தால் எவ்வளவு என்றும் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள், கூட்டல் பெருக்கல் தவிர அதில் வேறொன்றும் இல்லை. விடையை வீட்டில் பெரியவர்களிடம் படித்துக் காட்டச் சொல்லி ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை அஞ்சலக அதிகாரி,
பட்டுக்கோட்டை.